ஸ்டீயரிங் இறுகுதா? பழைய சின்ன கார் வைத்திருப்பவர்கள் ‘ரேக்கை மாத்தணும்’ என்பதற்குத் தலையாட்டும் முன் பார்க்க வேண்டியவை

யு-டர்ன் எடுக்கும்போது ஸ்டீயரிங் பாதியில் பிடிக்கிறது. கொஞ்சம் பலம் கொடுத்தால் ‘டக்’கென்று விட்டுவிடுகிறது. பத்து, பதினைந்து வருடம் ஓடிய சின்ன கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன விஷயம். “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. பிடித்த ஸ்டீயரிங் திடீரென்று விடும்போது, நீங்கள் கொடுத்த பலத்தில் கார் தேவைக்கு மேல் திரும்பிவிடும். பக்கத்தில் பைக் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது பணம். ஷெட்டுக்குப் போனதும் “ரேக் போச்சு, முழுசா மாத்தணும்” என்று சொல்லிவிட்டால் செலவு எங்கோ போய்விடும். ஆனால் டயரில் காற்று, பேட்டரி, துருப்பிடித்த ஒரு ஜாயிண்ட் என்று சின்ன காரணமாகவும் இருக்கலாம். எதை எந்த வரிசையில் பார்ப்பது?

உங்கள் காரில் இருப்பது எந்த ஸ்டீயரிங்?

முதலில் இது தெரிய வேண்டும். பழைய சின்ன கார்களில் மூன்று வகை உண்டு.

* பவர் இல்லாத சாதா ஸ்டீயரிங்: மாருதி 800, ஆல்ட்டோவின் விலை குறைந்த மாடல்கள் போன்றவை. நின்ற இடத்தில் திருப்பினால் கனமாகவும், கார் உருளத் தொடங்கியதும் லேசாகவும் இருக்கும். இது இயல்பு, பழுது இல்லை.
* ஆயில் பவர் ஸ்டீயரிங் (ஹைட்ராலிக்): டாடா இண்டிகா போன்றவை. பானெட்டைத் திறந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கு என்று தனியாக ஒரு டப்பா இருக்கும்.
* மின்சார பவர் ஸ்டீயரிங் (இ.பி.எஸ்.): வேகன் ஆர், ஐ10 போன்றவை. ஆயில் டப்பா இருக்காது. சாவி போட்டதும் மீட்டரில் இ.பி.எஸ். அல்லது ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும்.

‘இறுகுது’ என்றால் எப்படி இறுகுது?

மெக்கானிக்கிடம் “ஸ்டீயரிங் டைட்டா இருக்கு” என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது, எந்த இடத்தில், எப்படி என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

* சாவியே திரும்பவில்லை, ஸ்டீயரிங்கும் அசையவில்லை: இது பழுதே இல்லை, ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் விட்டுவிடும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் சாவிதான் உடையும்.
* எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனம்: டயர் காற்று, பவர் ஸ்டீயரிங் ஆயில், பெல்ட், பேட்டரி.
* ஒரு சுற்றில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பிடித்து, பிறகு லேசாகிறது: பெரும்பாலும் ஸ்டீயரிங் ராடில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட்.
* திரும்பியதும் ஸ்டீயரிங் தானாக நேராக வருவதில்லை: ஸ்ட்ரட்டின் மேலே உள்ள பேரிங், கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்ட், அளவுக்கு மேல் டைட் வைத்த ரேக், வீல் அலைன்மெண்ட்.
* திருப்பும்போது ‘கீச்’ என்று சத்தம், கூடவே இறுக்கம்: ஆயில் பவர் ஸ்டீயரிங்கில் பெல்ட் வழுக்குகிறது.

செலவில்லாமல் நீங்களே பார்க்கக்கூடிய 4 விஷயங்கள்

1. டயர் காற்று. முன் டயரில் காற்று குறைந்தால் ரப்பர் தரையில் அதிகம் படியும், ஸ்டீயரிங் கனக்கும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவு அருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ, காரோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். டயர் சூடாகும் முன், காலையில் பார்ப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் கார் அந்தப் பக்கமே இழுக்கும். டயரை அகலமான சைஸுக்கு மாற்றிய பிறகு கனம் வந்திருந்தால், காரணம் அந்த டயர்தான்.

2. பவர் ஸ்டீயரிங் ஆயில். டப்பாவில் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊற்றுவதோடு விடாமல் ஒழுக்கையும் பார்க்க வேண்டும். எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும், அதைச் செய்யவே கூடாது.

3. பேட்டரி. இ.பி.எஸ். மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். பேட்டரி வீக்கானாலோ, ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யாவிட்டாலோ ஸ்டீயரிங் கனத்துவிடும். சும்மா நிற்கும் காரில் பேட்டரி சுமார் 12.5 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட்டும் காட்ட வேண்டும். பேட்டரி கடையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும், இ.பி.எஸ். ஃபியூஸையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

4. சூடு. குறுகலான இடத்தில் காரை நிறுத்த, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பலமுறை திருப்பினால் இ.பி.எஸ். மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும். சற்று நேரம் விட்டால் சரியாகிவிடும். அடிக்கடி இப்படி ஆனால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்த நான்கிலும் கோளாறு இல்லை என்றால், இறுக்கம் ஏதோ ஒரு பாகத்தில் இருக்கிறது.

எங்கே பிடிக்கிறது? ஜாக்கி சோதனை

இது ஷெட்டில் செய்ய வேண்டிய வேலை. என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும், பாதியைத் தாண்டவிடாமல் கேட்டு வாங்கலாம்.

முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்ட் மேல் வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகக்கூடாது. இந்தக் கார்களுக்கு இழுவை முன் சக்கரத்தில்தான். அதனால் முன்பக்கம் தூக்கிய பிறகு கியரில் போட்டு வைப்பதால் பயனில்லை. ஹேண்ட் பிரேக்கும், பின் சக்கரத்துக்கு அடைக்கல்லும் கட்டாயம்.

இப்போது இன்ஜின் ஓடாமல், லாக்கை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகச் சுற்ற வேண்டும்.

* லேசாகச் சுற்றினால்: டயர், பவர் உதவி, அல்லது எடை ஏறினால் மட்டும் பிடிக்கும் ஸ்ட்ரட் பேரிங் மீதுதான் சந்தேகம்.
* அப்போதும் பிடித்தால்: டை ராட் எண்டுகள் இரண்டையும் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் லேசாகி, சக்கரத்தைக் கையால் திருப்பும்போது மட்டும் இறுக்கம் இருந்தால் கோளாறு பால் ஜாயிண்ட்டிலோ ஸ்ட்ரட்டிலோ. ரேக் மேல் பழி போட முடியாது.
* டை ராட் கழற்றியும் ஸ்டீயரிங் பிடித்தால்: ரேக்கிலிருந்து ஸ்டீயரிங் ராடைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்த பிறகும் பிடித்தால் காலம் அல்லது கிராஸ் ஜாயிண்ட். பிரித்ததும் லேசானால் மட்டுமே ரேக்.

ஏர்பேக் உள்ள காரில் ஒரு எச்சரிக்கை. ராடைப் பிரித்த நிலையில் ஸ்டீயரிங்கை இஷ்டத்துக்குச் சுற்றினால், அதற்குள் சுருளாக இருக்கும் ஏர்பேக் ஒயர் அறுந்துவிடும். அந்த வேலைக்கு முன் ஸ்டீயரிங்கை நேராக வைத்து அசையாமல் கட்டிவிட வேண்டும்.

அடிக்கடி மாட்டும் ஆள்: கிராஸ் ஜாயிண்ட்

ஸ்டீயரிங்கிலிருந்து ரேக் வரை ராட் ஒரே நேர்கோட்டில் போவதில்லை. வளையும் இடங்களில் கூட்டல் குறி போன்ற ஒரு ஜாயிண்ட் இருக்கும். ஷெட்டுகளில் கிராஸ், யு.ஜே. என்பார்கள். கீழே இருக்கும் ஜாயிண்ட் சாலைக்கு அருகில் இருப்பதால் தண்ணீரும் சேறும் பட்டுத் துருப்பிடிக்கும்.

இதை அடையாளம் காண்பது சுலபம். ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு முறை இறுகி, இரண்டு முறை லேசானால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். துரு எடுக்கும் ஸ்பிரே அடித்தால் சில நாள் லேசாக ஓடும். ஆனால் உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். கோளாறு அதுதானா என்று உறுதி செய்துகொள்ள ஸ்பிரே போதும், சரிசெய்ய ஜாயிண்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

மழையும் கிழிந்த ரப்பரும்

ரேக்கின் இரு முனையிலும் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அது கிழிந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போய் ரேக்கின் பற்கள் துருப்பிடிக்கும். பூட்டைச் சரியான நேரத்தில் மாற்றினால் சின்ன செலவு, விட்டுவிட்டால் ரேக்கே போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் டெஸ்ட் டிரைவில் ஸ்டீயரிங்கை இரு முனைக்கும் திருப்பிப் பார்ப்பதும், அடியில் பூட் கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது.

சத்தத்துக்கு டைட் வைத்தார்களா?

மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ சத்தம் வருகிறது என்று போனால், சில இடங்களில் ரேக்கில் இருக்கும் அட்ஜஸ்ட்மெண்ட் நட்டை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். சத்தம் நிற்கும், ஆனால் ஸ்டீயரிங் இறுகி, திரும்பிய பிறகு நேராக வராமல் நிற்கும். ஏதாவது வேலை பார்த்த பிறகுதான் இறுக்கம் ஆரம்பித்தது என்றால், அந்த வேலையை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஓடும்போது திடீரென்று இறுகினால்?

* பதற்றத்தில் சாவியை அணைக்காதீர்கள். ஓடும் காரில் சாவியை லாக் வரை திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும்.
* பவர் உதவி போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அப்படியே இருக்கும். இரு கையாலும் பலமாகத் திருப்பினால் கார் திரும்பும்.
* ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, மெதுவாக ஓரம் கட்டுங்கள்.
* இன்ஜினே நின்றுவிட்டால் பிரேக்கும் கனத்துவிடும். மிதித்து மிதித்து விடாமல், ஒரே அழுத்தாக மிதித்து நிறுத்துங்கள்.
* கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தால் சாவி லாக்கில் இருக்கக்கூடாது. இருந்தால் ஸ்டீயரிங் திரும்பாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்டீயரிங்கைப் பற்றித் தனி விதியே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 98-வது விதிப்படி, ஸ்டீயரிங் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அதன் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே உள்ள தூரம்தான் 30 டிகிரி. ஸ்டீயரிங் இணைப்புகளின் பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. காட்டப் போகும் வாரத்தில் அவசரமாகச் செலவு செய்வதைவிட முன்பே சரிசெய்வது மலிவு.

எப்போது காரை எடுக்கவே கூடாது?

* ஸ்டீயரிங் பிடித்து, பிறகு ‘டக்’கென்று விடும்போது.
* திருப்பும்போது இரும்பு உரசும் சத்தமோ, உடையும் சத்தமோ வரும்போது.
* நேற்றுவரை லேசாக இருந்தது இன்று திடீரென்று மாறியிருக்கும்போது.
* ஸ்டீயரிங் திரும்பியும் சக்கரம் தாமதமாகத் திரும்பும்போது.

இதில் ஒன்று இருந்தாலும், “ஷெட் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்” என்று கிளம்ப வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது டோ செய்து கொண்டுபோங்கள். ரேக்கை மாற்றத்தான் வேண்டும் என்று சொன்னால், டை ராடைக் கழற்றிப் பார்த்தீர்களா, கிராஸைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் செய்யாமல் காரை எடுக்காதீர்கள்.