திறந்த குளியலறை யாருக்கு?

குளியல் தொட்டியையும் ஷவரையும் தடுப்பில்லாமல் ஒரே தளத்தில் வைப்பது நகர வீடுகளில் இன்று புதுப் பாணி. தரை முழுவதும் நனையலாம். தண்ணீர் சரிவில் ஓடி ஒரு மூலையில் வடிந்துவிடும். நம் கிணற்றடியும் இப்படித்தான் இருந்தது: ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துவைகல், ஒரு சொம்பு, சரிவான தளம், கழிவுநீர் போய்ச் சேர ஒரு வாழை. அங்கே குளிக்கும் பெண்ணின் உடலும் திறந்த வெளியில் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

பழனி மலையடிவாரத்து ஆத்தூரில் குடகனாறு ஓடுகிறது. ஆற்றிலும் கிணற்றிலும் குளித்த நம் ஊர்ப் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டினார்கள். துணிக்கு மேலேயே தண்ணீர் ஊற்றினார்கள், துணிக்குள்ளேயே சோப்புப் போட்டார்கள், ஈரத்தின் மேலேயே மாற்றுத்துணி சுற்றினார்கள். விடியும் முன் அல்லது ஆண்கள் நகர்ந்த பின் என்று நேரத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. மாதவிடாய் நாட்களில் இது இன்னும் கடினம். எந்தத் துறையில் இறங்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது.

அதே மலையின் உச்சியில், கொடைக்கானலில், 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறினார்கள். வெள்ளையர் கால பங்களாக்களில் குளியலறை தனி அறை. தாழ்வான கரை கட்டிய ஈரத்தளத்தில் தகரத் தொட்டி இருக்கும். தண்ணீர் சுவரடி ஓட்டை வழியே வெளியேறும். வெந்நீர் சுமப்பவரும் துப்புரவு செய்பவரும் வந்துபோக வெளிப்புறம் தனிக் கதவு உண்டு. ஒருவரின் அந்தரங்கம் இன்னொருவரின் உழைப்பில் நின்றது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய வீடுகளில் 42 விழுக்காட்டில்தான் குளியலறை இருந்தது. 16.4 விழுக்காட்டில் கூரையில்லாத மறைப்பு மட்டும். மற்ற வீடுகளில் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் ஊராட்சிதோறும் மகளிர் சுகாதார வளாகம் கட்டியபோது கழிப்பறையோடு குளியலறையும் துவைகல்லும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே சுற்றுச்சுவருக்குள் வந்தன. பெண்ணின் குளியலை அரசு ஒரு தேவையாக எண்ணிய அரிய தருணம் அது. ஆனால் 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் கழிப்பறைகளை எண்ணியது; வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கழிப்பறைக்குத்தான். குளியலறை அதன் இலக்கில் இல்லை. அந்தக் குறுகிய கழிப்பறைக்குள்ளேயே வாளியை வைத்துக் குளிக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

தண்ணீரின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு குளியல் தொட்டி நிரம்ப ஏறக்குறைய 150 லிட்டர் தேவை. கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளுக்கென்று ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு 55 லிட்டர். ஆத்தூர் காமராஜர் அணையின் நீர் திண்டுக்கல் நகரத்துக் குழாய்களுக்குப் போகிறது. குழாய் வராத வீட்டில் அந்த 150 லிட்டர் என்பது பத்துக் குடம். இடுப்பில் சுமப்பவள் பெண்.

ஆகவே வீடு கட்டும்போதும் திட்டம் தீட்டும்போதும் முதலில் கேட்க வேண்டியவை எளியவை: கூரை உண்டா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா, குழாய் உண்டா, துணியைக் களைந்து நின்று குளிக்க இடம் உண்டா? இவை கிடைத்த பின்பு தொட்டியும் ஷவரும் சேர்ந்திருக்கலாமா என்பது அவரவர் விருப்பம்.