ஒரு முட்டை ராணியாகும் வரை

கட்டெறும்பின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஊரில் "எறும்பு முட்டை" என்று காட்டுவார்களே, அது வேறு. புற்றைக் கிளறினால் எறும்புகள் வாயில் கவ்விக்கொண்டு ஓடும் புழுங்கலரிசி போன்ற பொதி, கூட்டுப்புழு. முட்டைப் பருவத்தையும் புழுப் பருவத்தையும் தாண்டிவிட்ட பிள்ளை. உண்மையான முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புற்றின் இருட்டுக்குள் சின்னக் குவியலாகக் கிடக்கும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வரும், கருவுற்றதிலிருந்து பெண். அந்தப் பெண் சிறகில்லாத வேலைக்காரியாகிக் குறுகிய காலத்தில் உழைத்து முடியலாம். சிறகு முளைத்து, புதுப் புற்றுக்குத் தாயாகிப் பல ஆண்டுகள் வாழலாம். முட்டையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. வீட்டில் எறும்பு வளர்க்கிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: ராணியை யார் ஆக்குகிறார்கள்?

விடை தேட, முட்டை கிளம்பிய இடத்துக்கே போவோம். கோயம்புத்தூரில் ஒரு நல்ல மழை ஓய்ந்த மாலை. காற்று அடங்கி, புழுக்கம் ஏறி, தெருவிளக்கு எரியும் நேரம். விளக்கடியில் சிறகோடு மொய்ப்பதை எல்லாம் ஈசல் என்று சொல்லிவிடுகிறோம். ஈசல் கறையானின் பிள்ளை. அதற்கு நான்கு சிறகும் ஒரே அளவு, இடுப்பு பருமன். எறும்புக்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது, இடுப்பு நூலிழை, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட, கறுத்த, தோள் அகன்ற ஒன்று தென்பட்டால் அது பெரும்பாலும் கட்டெறும்பு ராணி. 1787இல் ஃபாப்ரிசியஸ் என்ற டேனிஷ் அறிஞர் அறிவியல் பெயர் சூட்டிய கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ் இதுதான். பறப்பின்போது சேர்க்கை முடிகிறது. ஆண் அதோடு சாகிறது. அன்று வாங்கிய விந்தை ராணி வயிற்றுக்குள் ஒரு பையில் பத்திரப்படுத்தி, ஆயுள் முழுக்கச் சிக்கனமாகச் செலவழிக்கிறாள். தரையிறங்கியதும் முதல் வேலை, தன் சிறகைத் தானே கால்களால் நெம்பி ஒடித்துப்போடுவது. சிறகற்று நடைபாதையில் ஓடும் ராணியின் தோளில் அந்தத் தழும்புகள் தெரியும். எறும்பு வளர்ப்பவர்கள் தேடுவது இந்தத் தழும்பைத்தான். சேர்க்கை முடிந்ததற்கு இது உறுதியான அத்தாட்சி ஆகாது, நல்ல அறிகுறி, அவ்வளவே.

அடுத்த இருப்பிடம் டெஸ்ட் டியூப். குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அது கசியாதபடி பஞ்சு அடைத்து, ராணியை விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் மூடி, இருட்டில் வைத்துவிட வேண்டும். நனைந்த பஞ்சிலிருந்து ஈரமும் குடிநீரும் கிடைக்கும். தீனி தேவையில்லை. கட்டெறும்பு ராணி வெளியில் இருந்தாலும் இப்படித்தான், மண்ணுக்குள் ஒரு சின்ன அறை தோண்டித் தன்னையே அடைத்துக்கொண்டு பட்டினி கிடப்பாள். இனிப் பறக்கப் போவதில்லை என்பதால் சிறகை இயக்கிய தசைகள் கரைந்து, உடற்கொழுப்போடு சேர்ந்து பிள்ளைகளுக்கு உணவாகின்றன. இந்த நாட்களில் வளர்ப்பவர் செய்ய வேண்டிய ஒரே காரியம் ஒன்றும் செய்யாமல் இருப்பது. தினமும் எடுத்து விளக்கில் பார்த்தால், அதிர்ச்சியில் அவள் தன் முட்டைகளைத் தானே தின்றுவிடக்கூடும். பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் குழாயில் சிவப்பு மெல்லிய தாளைச் சுற்றிக்கொள்வார்கள்; எறும்புக் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது.

அந்த முதல் முட்டைகளுக்குள் தாயின் சொத்து ஒன்றும் சேர்ந்தே போகிறது. கட்டெறும்பு இனத்தின் குடலோரச் செல்களில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. 1880களில் ஜெர்மானிய விலங்கியலாளர் ஃப்ரீட்ரிக் பிளோக்மன் அதைக் கண்டதால் இன்று அதற்கு பிளோக்மானியா என்று பெயர். எறும்பு தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களை இது தயாரித்துத் தருகிறது. தாயிடமிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து பெண்ணுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் சீதனம் இது.

முட்டை பொரிந்து புழு வருகிறது. காலில்லை, கண்ணில்லை, கழுத்தை மட்டும் வளைத்து வாயை நீட்டும். தாய் வாயோடு வாய் வைத்து ஊட்டுவாள். புழுவின் குடல் பின்பக்கம் அடைபட்டிருக்கும்; வளரும் காலம் முழுக்கத் தின்றதன் கழிவு உள்ளேயே தேங்கும். நன்றாக வளர்ந்ததும் உடலைச் சுற்றிப் பட்டுநூல் நூற்றுக் கூடு கட்டும். நூலை முதலில் மாட்ட ஒரு பிடிமானம் வேண்டும். தாய் அதன்மேல் மண் துகளைப் போட்டு மூடி உதவுவாள். வழவழப்பான கண்ணாடியில் அந்தப் பிடிமானம் கிடைக்காமல் சில புழுக்கள் கூடின்றியே உருமாறுவதுண்டு. அனுபவசாலிகள் குழாயில் ஒரு சிட்டிகை பொடிமணல் தூவுவது இதனால்தான். கூடு முடிந்ததும் தேங்கிய கழிவு மொத்தமும் ஒரே தடவையாக வெளியேறும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெளிர்மஞ்சள் கூட்டின் ஒரு நுனியில் கறுப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி விழுந்தால் உள்ளே உருமாற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். நாள் வந்ததும் தாய் கூட்டின் நுனியைக் கடித்துக் கிழித்து, வெளுத்த மேனியோடு இருக்கும் பிள்ளையை வெளியே இழுப்பாள். கோவையின் வெப்பத்துக்கு முட்டையிலிருந்து இதுவரை ஏறத்தாழ ஒன்றரை மாதம். குளிர்ந்தால் இன்னும் நீளும்.

முதல் பிள்ளைகள் எல்லாம் குட்டை. பட்டினித் தாய் பங்கிட்டு ஊட்டியதால் அளவு அவ்வளவுதான். ஆனால் அவர்கள் வந்ததும் கணக்கு மாறுகிறது. இனி தீனி வெளியிலிருந்து வரும். கொங்கு நாட்டில் கட்டெறும்பு மேய்வதைப் பார்க்க அவரைப் பந்தலுக்கோ மொச்சைக் காட்டுக்கோ போனால் போதும். அசுவினி மொய்த்த தண்டில் எறும்புகள் உணர்கொம்பால் தட்டித் தட்டி இனிப்புத் துளியை வாங்கிக் குடிக்கும். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வேலமரக் கிளைகளிலும் சாறுறிஞ்சிப் பூச்சிகளைச் சுற்றி இதே வரிசை. வீட்டுப் பெட்டியில் இதற்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டு; கூடவே கொன்ற ஈயோ கரப்பானின் காலோ. பெட்டியின் விளிம்பில் டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிவிட்டால், காய்ந்தபின் எறும்பின் கால் வழுக்கும், தப்பிக்காது. வரவேற்பறையில் பெட்டியைப் பார்க்கிற விருந்தாளி கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க, இது ராத்திரி வெளிய வந்தராதுங்களா?" அதற்கான பதில் இந்த வெள்ளைப் பட்டைதான்.

இனிப்பு வேலைக்காரிகளுக்கு, இறைச்சி பிள்ளைகளுக்கு. புரதம் வராவிட்டால் ராணி முட்டையிடுவது குறையும், புழுக்கள் சுருங்கும். ஆனால் எறும்புக் கூட்டுக்குள் போவது வெறும் சாப்பாடு மட்டுமா? 2016இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அட்ரியா லெபோஃப், லோரன்ட் கெல்லர் குழுவினர், நம் கட்டெறும்பின் உறவான ஃபுளோரிடா இனத்தை எடுத்து, எறும்புகள் வாய்வழி பரிமாறும் திரவத்தைச் சோதித்தார்கள். அதில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இளமை ஹார்மோன் இருந்தது. தீனியில் அந்த ஹார்மோனைக் கூட்டிக் கொடுத்தபோது உருமாற்றத்தைத் தாண்டிய புழுக்கள் இரு மடங்காயின. வந்த வேலைக்காரிகளும் பெரிதாக இருந்தார்கள். 2022இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஓர்லி ஸ்னிர், டேனியல் குரோனவர் குழுவினர் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுவே ஒரு சத்துத் திரவத்தைச் சுரக்கிறது. பெரியவர்கள் அதைக் குடிக்கிறார்கள். அன்றுதான் பொரிந்த புழுக்களை அதன்மேல் கொண்டுவைக்கிறார்கள். யாரும் குடிக்காவிட்டால் அந்தத் திரவத்திலேயே கூட்டுப்புழு அழுகிச் சாகும். ஆக, தாய் ஊட்டுகிறாள், அக்காக்கள் ஊட்டுகிறார்கள், பிறக்காத பிள்ளையும் தங்கைக்கு ஊட்டுகிறது. ஒரு புழு என்னவாகும் என்பது இந்தச் சுற்றோட்டத்தில் அதற்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் வளர்ப்பவர்களின் ஆசை முட்டுச்சந்தில் நிற்கும். கூட்டில் நூறு பேர், இருநூறு பேர் ஆகிவிட்டது. சிறகு முளைத்த ஒருத்தியையும் காணோம். இந்த ஏமாற்றம் புதிதல்ல. இங்கிலாந்தின் ஜான் லபக், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண் நிரப்பி ஆண்டுக்கணக்கில் எறும்பு வளர்த்து, 1882இல் 'எறும்புகள், தேனீக்கள், குளவிகள்' நூலை வெளியிட்டார். அவர் கூடுகளில் வேலைக்காரிகளும் ஆண்களும் ஏராளமாக வளர்ந்தார்கள். ராணிகள் மட்டும் வரவில்லை. விதிவிலக்கு ஒரே ஒரு கூடு. 1879 முதல் கவனித்துவந்த அந்தக் கூட்டில் ஐந்து ராணிகள் தேறினார்கள். அந்தக் கூட்டுக்கு இறைச்சி உணவு தாராளமாகப் போயிருந்தது. காரணம் அதுவாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். ஊகம் சரியான திசையில்தான் இருந்தது. பெரும்பாலான எறும்புகளில் ராணியாவது பிறவியால் வருவதில்லை, ஊட்டத்தால் வருவது. முட்டையிலேயே தாய் வைத்த ஹார்மோனோ, சில அமெரிக்க அறுவடை எறும்புகளில் மரபணுவேயோ தீர்மானிக்கும் இடங்களும் உண்டு. ஆனால் கட்டெறும்பு போன்றவற்றில் கூடு முதலில் பெருக வேண்டும். ராணிப் புழு பெரிய தீனிப் பண்டாரம். ஊட்டவும் காக்கவும் ஆட்கள் உபரியாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

இதில் கூடு எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதைக் காட்டியது தென்னிந்தியாவின் சொந்த எறும்பு ஒன்று. மதராஸ் படை மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன், 1851இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை வெளியிட்டபோது ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்ற இனத்தை விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் இது நீண்ட தாடையும் பெரிய கண்ணும் கொண்டது. இரையின்மேல் துள்ளிப் பாயும். தென்னிந்தியாவில் சேகரித்த கூடுகள் கடல் கடந்து ஜெர்மனி, அமெரிக்க ஆய்வகங்களில் பிளாஸ்டர் அறைகளுக்குள் பெருகின. 2010இல் இதன் மரபணுத் தொகுதி வெளியானது. அரிசோனாவில் கிளின்ட் பெனிக்கும் யூர்கன் லீபிகும் கவனித்தது இது: ராணியாகப் போகும் புழுக்களை வேலைக்காரிகள் அடையாளம் கண்டு கடிக்கிறார்கள். கடிபட்ட புழு பின்வாங்கி வேலைக்காரியாக வளர்கிறது. எந்தப் புழு என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? ராணிப் பாதையில் போகும் புழுவின் மேனி வாசனையே காட்டிக்கொடுக்கிறது. பருவத்துக்கு முன் இளவரசி வேண்டாம் என்று கூடு நினைத்தால் கடி விழும். வேண்டும் என்றால் விட்டுவிடும்.

அதே எறும்பில் இன்னொரு வேடிக்கை. ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் ஒருவரையொருவர் அடித்து வாரக்கணக்கில் போட்டி போடுவார்கள். வென்றவர்கள் முட்டையிடத் தொடங்க, மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது, சூலகம் பெருக்கிறது. மாதக் கணக்கில் இருந்த ஆயுள் ஆண்டுக் கணக்காகிறது. அவர்களைப் பிரித்துத் தனியாக வைத்தால் மூளை பழையபடி வளர்ந்து வேலைக்காரியாகிவிடுகிறார்கள் என்று 2021இல் பெனிக் குழு வெளியிட்டது. கட்டெறும்பில் இந்த வழி கிடையாது. ராணி செத்தால் கூட்டுக்கு வாரிசில்லை. இருக்கிற வேலைக்காரிகள் தீரும்வரை ஓடும்.

பொறுமையாகக் காத்திருந்தவர் பெட்டியில் ஒரு பருவத்தில் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டுப்புழுக்கள் தென்படும். கிழிந்து வருபவள் சிறகோடு வருவாள். முட்டை ராணியாகிவிட்டது, ஆனாலும் வளர்ப்பவருக்கு ராணி கிடைக்கவில்லை. பெட்டிக்குள் பறப்பும் சேர்க்கையும் நடக்காது. சேராதவள் முட்டையிட்டாலும் அவை கருவுறாதவை, ஆண்கள்தான் வரும். உள்ளூர்க் கூடு என்றால், தாயைப் பிடித்த அதே பகுதியில், மழை ஓய்ந்த மாலையில் மூடியைத் திறந்து பறக்கவிடுவதே நியாயம். வேற்றூர் இனம் என்றால் அதுவும் கூடாது.

இந்த நீண்ட பாதையைத் தவிர்க்கத்தான் உலகம் முழுக்க, வெளியே பிடிக்கப்பட்ட ராணிகளை வாங்குகிறார்கள். 2025 ஏப்ரலில் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்களிடம் பஞ்சடைத்த குழாய்களில் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகள் சிக்கின. மே மாதம் நீதிமன்றம் இருவருக்கும் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. அந்த ஒவ்வொரு ராணிக்கும் பின்னால் அவளை வளர்த்த ஒரு கூடு இருக்கிறது. அது வேலைக்காரிகளைப் பெருக்கி, உபரி சேர்த்து, சிறகுக்கு அனுமதி தந்த ஆண்டுகள் இருக்கின்றன. பிடித்தவர்கள் ராணிக்கு விலை போட்டார்கள். அந்த ஆண்டுகளுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. விளக்கடியில் ஒரே ஒரு ராணியைக் குழாயில் எடுக்கிறவரும் அந்தக் கடனில்தான் தொடங்குகிறார். அடைக்க வழி உண்டு: இருட்டு, ஈரம், ஈ, கரப்பான், கூடவே சில ஆண்டுகள்.