கடலுக்கடியில் கிடைத்த வட்டத் தட்டு

பழங்காலக் கப்பல் கருவிகளைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். திசைகாட்டி, செக்ஸ்டன்ட், கப்பல் கடிகாரம் எல்லாம் ஏலத்துக்கு வருவதுண்டு. ஆனால் அவர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று, கடலோடிகளின் அஸ்ட்ரோலேப். இதுவரை அறியப்பட்டவை சுமார் நூறுதான்.

இது பாகைகள் குறிக்கப்பட்ட ஓர் உலோக வட்டம். மேலே உள்ள வளையத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் சுழலும் சட்டத்தைத் திருப்பி, நண்பகல் சூரியனின் உயரத்தை அளப்பார்கள். அன்றைய தேதிக்கான சூரிய அட்டவணையோடு சேர்த்துக் கணக்கிட்டால் கப்பல் இருக்கும் அட்சரேகை தெரிந்துவிடும். பின்னாளில் ஆக்டன்ட் போன்ற நல்ல கருவிகள் வந்ததும் இதற்கு வேலை இல்லாமல் போனது. இன்று இருப்பவற்றில் பெரும்பாலானவை மூழ்கிய கப்பல்களில் கிடைத்தவை.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கப்பலைக் கொள்ளையடித்து எடுத்த கருவி சந்தைக்கு வரும்போது, அது எந்தக் கப்பலுடையது, எந்த ஆண்டுடையது என்ற விவரம் தொலைந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஓமான் நாட்டில் உண்டு. வாஸ்கோ ட காமாவின் மாமா விசென்டே சோட்ரே சென்ற எஸ்மெரால்டா கப்பல், 1503-ல் அல் ஹல்லானியா தீவருகே புயலில் மூழ்கியது. 'பலத்த காற்று வரும்' என்று உள்ளூர் மக்கள் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை.

அந்த இடத்தில் நடந்த அகழாய்வில் 2014-ல் ஒரு வட்டத் தட்டு கிடைத்தது. விட்டம் 17.5 செ.மீ., எடை 344 கிராம். போர்ச்சுகல் அரச சின்னம் தெரிந்தது. பாகைக் கோடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் அது அஸ்ட்ரோலேப்தானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின்னர் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தினர் லேசர் ஸ்கேன் செய்தபோது, ஐந்து பாகை இடைவெளியில் 18 கோடுகள் தெரிந்தன. சந்தேகம் தீர்ந்தது. மன்னர் முதலாம் மனுவேலின் சின்னம் இருந்ததாலும், கப்பல் படை 1502-ல் லிஸ்பனை விட்டுக் கிளம்பியதாலும் அதன் வயதையும் கணிக்க முடிந்தது. 2019-ல் உலகின் மிகப் பழமையான கடலோடி அஸ்ட்ரோலேப் என கின்னஸ் புத்தகம் அதை அங்கீகரித்தது.

யோசித்துப் பாருங்கள். அதே தட்டை யாரோ இரவோடு இரவாக எடுத்து விற்றிருந்தால்? கோடு தெரியாத, சின்னம் பொறித்த ஒரு பழைய உலோகத் துண்டாக ஏதோ ஓர் அலமாரியில் கிடந்திருக்கும். கூடவே கிடைத்த கப்பல் மணியும் நாணயங்களும் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும்.

கடலடிப் பண்பாட்டுச் சின்னங்களை வணிகப் பொருளாக்கக் கூடாது என்று 2001-ல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை கொண்டுவந்ததும் இதனால்தான். சேகரிப்பது தவறல்ல. ஆனால் ஒரு கருவியை வாங்கும் முன் அதன் விலையைக் கேட்பதைவிட, அது எங்கே கிடைத்தது என்று கேட்பதே முக்கியம்.