இறப்பை நிபந்தனையாக்கும் காப்பீடு: வளைகுடாத் தொழிலாளர் குடும்பத்தின் மருத்துவமும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் ஒரு கூறும்

ஒப்பந்த வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இந்தியத் தொழிலாளரின் குடும்ப மருத்துவத்தைப் பற்றிய ஆய்வுகளில், 2003ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்டு 2006, 2008, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் கட்டாயக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் ஒரு வளர்ச்சி வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. விபத்தில் இறந்த தொழிலாளருக்கு ஈட்டுத்தொகை தருவதை மையமாகக் கொண்டு தொடங்கிய திட்டம், அவருடைய நோய், மகப்பேறு, வழக்குச் செலவு எனத் திருத்தந்தோறும் விரிந்து, முடிவில் ஊரில் தங்கிய குடும்பத்தின் மருத்துவமனைச் செலவையும் ஏற்றுக்கொண்டது என்பது அந்த வரலாற்றின் சாரம். இதன் முற்பகுதியில் பெரிய பிழை இல்லை. குடும்பத்தைப் பற்றிய முடிவு மட்டும், திட்டத்தின் ஒரு கூறை அதன் நிபந்தனையிலிருந்து பிரித்துப் படித்ததால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்திட்டம் எல்லாருக்கும் உரியதன்று. குடியகல்வுச் சட்டம், 1983இன்படி, பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாததால் கடவுச்சீட்டில் இ.சி.ஆர்., அதாவது ‘குடியகல்வுச் சோதனை தேவை’ என்னும் நிலை குறிக்கப்பட்டவர்கள், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதியைப் பெறவேண்டும்; அவ்வனுமதிக்கு இக்காப்பீடு முன்தேவை. இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் மூன்றாண்டுக்கு 375 ரூபாயும் வரி நீங்கலான கட்டணம். 2017ஆம் ஆண்டு வடிவத்தில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் ஈடு உண்டு. தொழிலாளரின் மருத்துவச் செலவுக்கான உச்சவரம்பு 75,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது. குடும்பத்தின் மருத்துவமனைச் சேர்க்கைக்கு 50,000 ரூபாய் வரை கிடைக்கும் என்பதும் அதே வடிவத்தில் உள்ளது. முந்தைய ஆய்வுகள் எடுத்தாள்வது இந்த 50,000 ரூபாயைத்தான்.

ஆனால் அத்தொகை தனித்து நிற்கவில்லை. காப்பீடு பெற்ற தொழிலாளர் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ மட்டுமே குடும்பம் அதைக் கோரமுடியும் என்னும் நிபந்தனை அதே கூறில் அதனோடு சேர்ந்தே வருகிறது. பயன்களைச் சுருக்கிப் பட்டியலிடும்போது நிபந்தனை உதிர்ந்து தொகை மட்டும் எஞ்சுவது எளிதில் நேரக்கூடியது. சுருக்கங்களை நம்பி எழுதும் ஆய்வில் அதன் விளைவு சிறியதன்று. தொழிலாளர் உயிரோடும் உடல்நலத்தோடும் ரியாதிலோ தோகாவிலோ வேலை செய்துகொண்டிருக்கும் காலம் முழுவதும், அதாவது குடும்பம் அவரைப் பிரிந்து வாழும் காலம் முழுவதும், ஊரில் மனைவிக்கோ குழந்தைக்கோ வரும் எந்த நோய்க்கும் இத்திட்டம் ஒரு ரூபாயும் தருவதில்லை. மருத்துவ ஏற்பாடு என்று எதைச் சொன்னாலும் அது தேவைப்படும் காலம் இதுவே.

இக்கூறை எந்த இனத்தில் சேர்ப்பது என்பதே கருத்து வேறுபாட்டின் மையம். இதை மருத்துவக் காப்பீட்டுக் கூறுகளோடு சேர்த்துப் படிப்பது இதுவரை நிலவிய வழக்கம். மரண ஈட்டோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதற்கு இரு காரணங்களைக் காட்டலாம். முதலாவது, அதை இயங்கவைப்பது நோயன்று, தொழிலாளரின் இழப்பு. 10 லட்சம் ரூபாய் ஈட்டைத் தூண்டும் அதே நிகழ்வுகளே இதையும் தூண்டுகின்றன. இரண்டாவது, இக்கூறில் குடும்பம் என்பது வாழ்க்கைத் துணையும் 21 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளும் மட்டுமே. தொழிலாளரின் தாய்தந்தையர் இதில் இல்லை. இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ ஆண்மக்கள் அயல்நாடு சென்ற வீடுகளில் மருத்துவமனைக்கு அடிக்கடி செல்ல நேர்வது யார் என்று கேட்டால், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்களைத்தான் எவரும் முதலில் சுட்டுவர். அவர்களை விட்டுவிட்டு விதவையையும் தந்தையற்ற பிள்ளைகளையும் மட்டும் கணக்கில் கொண்ட வரையறை, நோயாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அது வாரிசை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இந்த வாசிப்புக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான கருத்து ஒன்று உண்டு. நிரந்தர ஊனமும் நிபந்தனையில் அடங்குவதால், தொழிலாளர் உயிரோடு ஊர் திரும்பிய பின்னும் குடும்பத்துக்கு மருத்துவப் பயன் கிடைக்கிறது. ஆகவே இதை முழுக்க மரணத்தோடு இணைப்பது மிகை எனலாம். அந்த அளவுக்கு இவ்வாதத்தை மட்டுப்படுத்திக்கொள்வதே முறை. எனினும் இழப்பு என்னும் அடிப்படை அதனால் மாறுவதில்லை. ஊனமுற்றவரின் குடும்பமும் சம்பாதிக்கும் ஆளை இழந்த குடும்பமாகவே இங்கு உள்ளே அழைக்கப்படுகிறது. 50,000 ரூபாயை ஓராண்டு உச்சவரம்பு என்று படித்தாலும், ஒட்டுமொத்த உச்சவரம்பு என்று படித்தாலும் முடிவு ஒன்றே: காப்பீட்டுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, ஒப்பந்தத்தின் பிற்பகுதியில் நேரும் மரணத்துக்குப் பின் அந்தக் கெடுவில் எஞ்சுவது சில மாதங்களாகவே இருக்கக்கூடும். கெடு முடிந்த பின்னும் குடும்பத்தின் உரிமை தொடரும் என்று கொள்ளத் தெளிவான அடிப்படை தென்படவில்லை.

மகப்பேற்றுக் கூறு இதே பாங்கை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 2017இல் மகப்பேற்று உதவி 35,000 ரூபாயாகவும், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் 50,000 ரூபாயாகவும் உயர்ந்தது. குடும்ப நோக்கு வலுப்பட்டதற்கான சான்றாக இதைக் கொள்வது இயல்பே. ஆனால் இப்பயன் அயல்நாட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு மட்டுமே உரியது. செல்பவர் ஆணானால் ஊரில் பிள்ளை பெறும் அவர் மனைவிக்கு இதில் இடமில்லை. இ.சி.ஆர். கடவுச்சீட்டோடு செல்வோரில் பெரும்பான்மையினர் ஆண்கள். அதோடு, இந்த நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல 30 வயதுக்குட்பட்ட இ.சி.ஆர். பெண்களுக்கு அரசே, சில விலக்குகள் நீங்கலாக, அனுமதி மறுத்துவந்திருக்கிறது. ஒரு கையால் பிள்ளைப்பேற்று வயதின் முற்பகுதியில் உள்ள பெண்களைத் தடுத்துவிட்டு, மறு கையால் பிள்ளைப்பேற்று உதவியை உயர்த்திய இந்த முரணைச் சேர்த்துப் பார்க்காமல் எழுதப்படும் எந்த மதிப்பீடும் முழுமை பெறாது. பயனின் தொகை கூடிற்று. அதைப் பெறத் தகுதியுள்ளோர் வட்டம் வேறொரு விதியால் ஏற்கெனவே சுருங்கியிருந்தது.

இவ்வாறு வரையறுக்கப்பட்ட குடும்பத்தை, அதே தொழிலாளர் புறப்படுமுன் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். திருப்பூரிலோ அம்பத்தூரிலோ ஓர் ஆலையில், 21,000 ரூபாய்க்கு மேற்படாத மாத ஊதியத்தில் வேலை பார்த்தவர், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1948இன்கீழ், மக்கள் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் ஏற்பாட்டில் இருந்திருப்பார். அதில் ஊதியத்தில் தொழிலாளர் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். குடும்பத்தின் சிகிச்சை, தொழிலாளருக்கு ஏதேனும் நேரும்வரை காத்திருப்பதில்லை. அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்ப வரையறைக்குள் வருகின்றனர். வேலையை விட்டு விமானம் ஏறியவருக்கு, பங்களிப்புக் காலத்தைத் தொடர்ந்து வரும் பயன்காலம் முடிந்ததும் இவ்வுரிமை அற்றுப்போகிறது. ஆகவே அயல்நாடு செல்வதால் குடும்பத்துக்குப் புதிய மருத்துவப் பாதுகாப்பு கிடைத்தது என்பதைவிட, இருந்த பாதுகாப்பு போய் அதன் இடத்தில் நிபந்தனையுள்ள ஈடு ஒன்று வந்தது என்பதே, இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்களைப் பொறுத்தவரை, சரியான விவரிப்பு. அமைப்புசாரா வேலையிலிருந்து செல்வோர் இழப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள். அவர்களுக்கு இவ்வொப்பீடு பொருந்தாது.

எஞ்சுவது தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் இத்திட்டம் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் அடிப்படையாகக் கொண்டது; வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அயல்நாட்டிலிருந்து மாதம் 10,000 ரூபாய் அனுப்புவதை வருமானமாகக் கணக்கிட்டால் ஓராண்டில் அவ்வரம்பு நிரம்பிவிடுகிறது. பயணத்துக்காக வாங்கிய கடனை அடைப்பதிலேயே அப்பணத்தின் பெரும்பகுதி கழிகிறது என்பது வருமானச் சான்றின் எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

குடும்பத்தை உடன் அழைத்துச்செல்வதும் இங்குப் பொதுவாக வழியன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்துக்குப் பொறுப்பேற்று விசா பெற 4,000 திர்ஹமோ, அல்லது 3,000 திர்ஹமும் இருப்பிடமுமோ மாத ஊதியமாக இருக்கவேண்டும். கட்டடத் தொழிலாளரின் ஊதியம் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே. சவூதி அரேபியா 2017 முதல் உடனிருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதக் கட்டணம் விதித்து, 100 ரியாலில் தொடங்கி 2020க்குள் அதை 400 ரியாலாக உயர்த்தியது. அதே சமயம் இவ்விரு நாடுகளின் சட்டங்களும் தொழிலாளரின் மருத்துவக் காப்பீட்டை முதலாளியின் கடமையாக்குகின்றன; 2013ஆம் ஆண்டின் துபாய்ச் சட்டம் அதில் நன்கறியப்பட்டது. அப்படியானால் இந்தியக் காப்பீடு தரும் ஒரு லட்சம் ரூபாயின் கணிசமான பகுதி, வேறொருவர் சட்டப்படி ஏற்கவேண்டிய செலவின்மீதே அமைகிறது. எவர் கடமையிலும் அடங்காத ஊர்க் குடும்பமோ வெறுமையாக விடப்படுகிறது. முதலாளிகள் அக்கடமையைத் தட்டிக்கழிப்பதுண்டு என்பதால் இந்த இரட்டிப்பு முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முன்னுரிமை தலைகீழாக உள்ளது.

மருத்துவம் மாநிலங்களின் பொறுப்பு, குடியகல்வுச் சட்டத்தின் வழியாக ஒன்றிய அரசு அதில் நுழைய இயலாது என்னும் மறுப்பு நெடிய விவாதத்துக்கு உரியதன்று. காப்பீடும் குடியகல்வும் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை, 50,000 ரூபாய்க் கூறை எழுத முடிந்த அரசுக்கு அதன் நிபந்தனையை நீக்கவும் முடியும். மாதக் கணக்கில் 12 ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது என்னும் மறுப்பு சற்று கனமானது. ஆனால் கட்டணம் குறைவாக இருப்பது இயற்கை நியதியன்று; யாருக்கு, எதற்கு ஈடு என்று முதலில் தீர்மானித்ததன் விளைவு அது.

பிலிப்பைன்சை முன்மாதிரியாகக் காட்டுவோர் இங்கு அவசரப்படுகின்றனர். அங்குத் தேசிய சுகாதாரக் காப்பீடான பில்ஹெல்த்தில் அயல்நாட்டுத் தொழிலாளர் உறுப்பினரானால், ஊரில் உள்ள வாழ்க்கைத் துணையும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் 60 வயதான பெற்றோரும், அவர் நலமாக இருக்கும்போதே பயன் பெறுகின்றனர். குடும்பத்தை நோயாளிகளாக வரையறுப்பது இயலும் என்பதற்கு அது போதிய சான்று. ஆயினும் 2020இல் வருமானத்தில் 3 விழுக்காடு கட்டணம் அயல்நாட்டுத் தொழிலாளர்மீது சுமத்தப்பட்டபோது எழுந்த கடும் எதிர்ப்பால், அதைச் செலுத்துவதை அவரவர் விருப்பத்துக்கு விடவேண்டியதாயிற்று. உள்நாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி ஒரு பங்கு செலுத்துகிறார். அயல்நாட்டுத் தொழிலாளர் முழுவதையும் தாமே செலுத்தவேண்டியிருந்தது.

இந்தியாவிலும் நிபந்தனையை நீக்கினால் கேள்வி அங்குதான் போய் நிற்கும்: கூடுதல் கட்டணம் யார் தலையில்? அதைத் தொழிலாளரால் தாங்க முடியாது என்று முடிவுகட்டுமுன், குடியகல்வு விதிகள் அவரிடம் ஆட்சேர்ப்பு முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய் வரை வசூலிக்க அனுமதிக்கின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். அவ்வனுமதியும் 275 ரூபாய்க் காப்பீடும் ஒரே சட்ட ஏற்பாட்டின் பகுதிகள். முகவருக்கு உரிய உச்சவரம்பில் பத்தில் ஒரு பங்கைக் குடும்பக் காப்பீட்டுக்குத் திருப்பினாலும் அது இன்றைய ஈராண்டுக் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ பதினோரு மடங்காகும்.