வரைபடக் கோப்புகளும் பதிப்பு மாறும் தலைவலியும்

ஒரு கட்டிடம் ஐம்பது அறுபது வருடங்கள் நிற்கும். அதை வரைந்த மென்பொருளின் பதிப்போ ஒரே வருடத்தில் பழசாகி விடுகிறது. டிரேசிங் தாளில் மையால் வரைந்த காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. பேரன் காலத்தில் எடுத்து விரித்தாலும் பிளான் பிளானாகவே இருக்கும், கரையான் அரிக்காமல் இருந்தால்!

1982 ஆம் ஆண்டு ஜான் வாக்கரும் நண்பர்களும் அமெரிக்காவில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு டிசம்பரில் ஆட்டோகேட் வெளிவந்தது. மைக் ரிடில் முன்பே எழுதியிருந்த இன்டராக்ட் என்ற மென்பொருள்தான் அதற்கு மூலம். டி.டபிள்யூ.ஜி என்ற கோப்பு வகையும் அங்கிருந்தே வந்தது.

இந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் ஆறு எழுத்துகளில் அதன் ஜாதகமே இருக்கும். ஏசி1015 என்றால் ஆட்டோகேட் 2000, ஏசி1018 என்றால் 2004, ஏசி1021 என்றால் 2007. 2018 இல் ஏசி1032 வந்தது. புதிய பதிப்பு பழையதைப் படிக்கும். பழையது புதியதைப் படிக்காது. பழைய கோப்பைத் திறந்து சும்மா சேமித்தாலே, வழக்கமான அமைப்பில் அது புதிய வடிவத்துக்குப் போய்விடும். பழைய பதிப்பு வைத்திருக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரால் மறுநாள் அதைத் திறக்க முடியாது. நல்லவேளையாக, ஆட்டோகேட்டில் பழைய வடிவத்தில் சேமிக்கும் வசதி உண்டு.

கோப்பின் உள்ளமைப்பை ஆட்டோடெஸ்க் வெளியிடவில்லை. அதைத் தாங்களே ஆராய்ந்து அறிய 1998 இல் ஓபன்டிடபிள்யூஜி கூட்டமைப்பு உருவானது. 2006 இல் ஆட்டோடெஸ்க் அதன் மீது வழக்குப் போட, மறு ஆண்டே விவகாரம் முடிந்தது. வரைந்தவனின் கோடுகள் யாருக்குச் சொந்தம் என்பதே அடியில் கிடந்த கேள்வி எனலாம்.

ரெவிட் வந்தபின் கதை இன்னும் கடினமானது. 2000 இல் வெளியான இந்த மென்பொருளை 2002 இல் ஆட்டோடெஸ்க் 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. உடனுக்குடன் திருத்துவது என்ற பொருளில் வைத்த பெயராம். ஆனால் புதிய பதிப்பில் சேமித்ததை மட்டும் பழைய பதிப்புக்குத் திருப்பவே முடியாது. ஒருவழிப் பாதை!

ஆகவே மேம்படுத்தும் முன் கோப்புகளை ஒழுங்கு செய்வது தனி வேலையாகி விட்டது. முதலில் திட்டத்தின் முழு நகலையும் பதிப்பு எண்ணோடு தனி ஃபோல்டரில் பூட்டி வைப்பார்கள். குழுவினர் எல்லோரும் தங்கள் வேலையை மையக் கோப்பில் சேர்த்துவிட்டு வெளியேற வேண்டும். பிறகு இணைப்புக் கோப்புகளை முதலில் மாற்றி, மையக் கோப்பைக் கடைசியில் மாற்றுவார்கள். வரிசை தவறினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழைய இணைப்புகளைக் கணினி மறுபடி மறுபடி மாற்றிக் கொண்டிருக்கும். ஆட்டோகேட் திட்டமென்றால் எக்ஸ்ரெஃப் படங்களும் எழுத்துருக்களும் கூடவே போக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பிளானில் ஓட்டை விழும்.

பதிப்பு ஒத்துப் போகாததன் விலையை விமானத் துறையும் கண்டது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் மின்கம்பிகளை ஹாம்பர்க்கில் காட்டியா 4 இலும் துலூஸில் காட்டியா 5 இலும் வடிவமைத்தார்கள். பொருத்தும்போது கம்பிகள் சேரவில்லை. 2006 இல் வெளிவந்த தாமத அறிவிப்புகளுக்கு இதுவே முக்கியக் காரணம்.

இதனால்தான் கட்டி முடித்த திட்டத்தோடு ஒரு பி.டி.எஃப் நகலும், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஐ.எஃப்.சி நகலும் சேர்த்து வைக்கும் பழக்கம் வந்தது. ஐ.எஃப்.சி 2013 இல் ஐ.எஸ்.ஓ தரமாகவும் ஆனது. அதில் சுவரும் கதவும் பத்திரமாக இருக்கும். ரெவிட்டில் இருந்ததுபோல இழுத்துத் திருத்துவது மட்டும் நடக்காது.