சபாபதி முதல் மாது வரை

கதை மாறினாலும் ஆள் மாறாமல் வரும் சிரிப்புப் பாத்திரம் தமிழ் மேடைக்குப் பழையது. ஐயங்கார்குளம், உத்திரமேரூர் உள்ளிட்ட காஞ்சிபுரத்து வட்டாரத் தெருக்கூத்தில், அன்றிரவு எந்தக் கதை நடந்தாலும் கட்டியக்காரன் வந்துவிடுவான். ராஜா முன்னிலையிலும் ஊர் நடப்பைப் பேசிக் கேலி செய்வான். ஆனால் அவனுக்கென்று வீடு வாசல் இல்லை. இந்தச் சிரிப்பை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து பாகம் பாகமாக எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார்.

அவர் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக நடித்தார்கள். அங்கே உருவான ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் கெடுக்கிற வேலைக்காரன் சபாபதி ரசிகர்களுக்குப் பிடித்துப்போனதால், ‘ஒரு விருந்து’ முதலான அடுத்தடுத்த பாகங்கள் பிறந்தன. 1941இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த திரைப்படத்தில் டி.ஆர்.ராமச்சந்திரன் எஜமானாகவும் காளி என்.ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தார்கள். இன்று பலருக்குத் தெரிந்த சபாபதி அந்தப் படத்துச் சபாபதிதான்.

சுதந்திரத்துக்குப் பின் நாடகத்தைத் தாங்கியவை சென்னையின் சபாக்கள். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள்; சபா ஒரு குழுவுக்குத் தொகை பேசி ஒரு மாலையை ஒதுக்கும். தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைவரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எல்லோரும் கூச்சமின்றிச் சிரிக்க வேண்டும் என்பதால் குடும்ப நகைச்சுவை அங்கே வேரூன்றியது.

அந்த மண்ணில் மிகச் செழிப்பாக விளைந்தவை கிரேஸி மோகனின் நாடகங்கள். 1952இல் பிறந்த மோகன், கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர். எஸ்.வி.சேகரின் நாடகக் குழுவுக்காக 1976இல் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவர் பெயருக்கு முன்னால் ‘கிரேஸி’யை ஒட்டவைத்தது. 1979இல் தம்பி பாலாஜியோடு ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ தொடங்கினார். ‘மாது ப்ளஸ் டூ’, ‘மதில் மேல் மாது’, ‘மீசை ஆனாலும் மனைவி’, ‘ஜுராசிக் பேபி’ என்று நாடகங்கள் வந்துகொண்டே இருந்தன. நாயகன் மாது, அவன் நண்பன் சீனு, நாயகி ஜானகி. தன்னைப் பள்ளி மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாகவே நாயகிகளுக்கு ஜானகி என்று பெயர் வைத்தார்.

இவை ஒரே கதையின் தொடர்ச்சி அல்ல. முந்தைய நாடகத்தில் நடந்தது அடுத்ததில் மறந்துபோகும். பெயரும் குணமும் மட்டும் நிற்கும். மோகனின் கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது. திரை விலகியதும் இவன் யார், அவன் யார் என்று விளக்கி நேரம் கழிக்க வேண்டியதில்லை. மாது ஒரு பொய் சொன்னதுமே, அதை மறைக்க இன்னும் எத்தனை பொய் வரப்போகிறது, சீனு யோசனை சொல்லி அதை எப்படி மேலும் சிக்கலாக்கப்போகிறான் என்று அரங்கம் காத்திருக்கத் தொடங்கிவிடும். ஆள்மாறாட்டமும் சொல் விளையாட்டும் அந்தச் சிக்கலை வளர்க்கும். கொச்சைப் பேச்சு இல்லாமல் இரண்டு மணி நேரம் சிரிக்கவைப்பது எளிதல்ல. மோகன் அதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பாத்திரப் பெயர்கள் நடிகர்களோடும் ஒட்டிக்கொண்டு, பாலாஜி ‘மாது பாலாஜி’ ஆனார். சீனுவாக நடித்த, மோகன் என்றே பெயர் கொண்ட இன்னொரு நடிகர் ‘சீனு மோகன்’ ஆனார்.

கிரேஸி மோகனின் ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை 1983இல் கே.பாலசந்தர் ‘பொய்க்கால் குதிரை’ என்ற திரைப்படமாக்கினார். கமல்ஹாசன் படங்களுக்கு வசனம் எழுதி உச்சத்தில் இருந்த காலத்திலும் மோகன் மேடையை விடவில்லை. சின்னத்திரை சபாக் கூட்டத்தைக் குறைத்துவிட்ட பிறகு, 2008இல் வந்த ‘சாக்லேட் கிருஷ்ணா’வில் கிருஷ்ண பரமாத்மாவே மாதுவின் வாழ்க்கையில் தலையிட்டார்; அந்த நாடகம் பல நூறு முறை அரங்கேறியது.

சீனு மோகன் 2018 டிசம்பரிலும், கிரேஸி மோகன் 2019 ஜூன் 10ஆம் தேதியும் காலமானார்கள். அதன் பிறகும் மாது பாலாஜி அந்தக் குழுவை நடத்தி, அண்ணனின் நாடகங்களை மேடையேற்றி வருகிறார்.