இருபதில் முடியும் ஆட்டமும் முப்பத்தாறில் கிடைத்த பட்டமும்



நம் கல்லூரி மைதானத்தில் ஓடியாடியவர்களில் எத்தனை பேர் படிப்பு முடிந்தபிறகு மறுபடி மைதானத்தில் கால் வைத்தோம்? "அதெல்லாம் அந்தக் காலம்பா" என்று தொந்தியைத் தடவிக்கொள்வதுதான் நம் வழக்கம். நமக்கு அது தமாஷ். ஆனால் விளையாட்டையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்களுக்கு அது பெரிய கேள்வி. அதிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்களுக்குச் சின்ன வயதில் தொடங்கும் ஆட்டம் பெரும்பாலும் இருபதை ஒட்டி முடிந்துபோகும். அதற்கப்புறம் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு மேடையிலேயே பதில் சொன்னவர் ஒக்சானா கிரிஷினா. 1978இல் கலினின்கிராடில் பிறந்தவர். போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே, ரஷ்யாவின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் தனித்துக் கிடக்கும் ஊர் அது. அவர் கற்றது ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்: பந்து, வளையம், கயிறு, ரிப்பன், கரலாக்கட்டை மாதிரி இருக்கும் கிளப், இவற்றோடு இசைக்கு ஆடுவது. இது ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது 1984இல். அந்த ஆண்டு சோவியத் யூனியன் போகவில்லை. 1988இல் சியோலுக்குப் போனபோது தங்கம் அவர்களுடைய மரினா லோபாச்சுக்கு. அப்படிப்பட்ட பள்ளியில் தயாரானவர் கிரிஷினா.

அவர் பின்னால் சேர்ந்த ஃபிட்னெஸ் போட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. பாடிபில்டிங் உலகத்தின் பெரிய மேடையான ஒலிம்பியாவில் 1995இல், அட்லாண்டாவில், முதல் ஃபிட்னெஸ் பட்டம் மியா ஃபின்னகனுக்குக் கிடைத்தது. இதில் இரண்டு பரீட்சை. ஒன்று, உடற்கட்டைக் காட்டி நிற்பது. இன்னொன்று, இரண்டு நிமிஷத்துக்குள் பாட்டுக்கு ஆடிக் காட்டுவது. தண்டால், உயர உதை, கைகளை ஊன்றி உடம்பை அந்தரத்தில் நிறுத்துவது, கால்களை இருபுறமும் விரித்துத் தரையோடு அமர்வது, எல்லாம் அதில் வரும். கஷ்டம் எங்கே தெரியுமா? தசை தெரிய வேண்டுமென்றால் வாரக்கணக்கில் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். அந்த அரைவயிற்று உடம்போடுதான் துள்ளிக் குதிக்கவும் வேண்டும்!

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் கிரிஷினாவுக்கு வளைவையும் நளினத்தையும் தந்திருந்தது. ஆனால் அதில் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட விதி இடம் தராது. தசை வளர்ப்பதும் அதன் நோக்கமல்ல. பழையதில் பாதியைத் துணையாக வைத்துக்கொண்டு, மீதியைப் புதுசாகக் கட்ட வேண்டியிருந்தது. அவர் அமெரிக்காவில் மேடையேறிய காலத்தில் முதலிடத்தில் அசையாமல் இருந்தவர் அடேலா கார்சியா. 2009 முதல் 2013 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள் அவருடையவை. கிரிஷினா விடவில்லை. 2014இல் லாஸ் வேகஸில் பட்டம் கையில் வந்தபோது வயது முப்பத்தாறு. 2017 வரை நான்கு ஆண்டும் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

இதில் பெரிய பணம் கொட்டியது என்று எண்ணிவிடாதீர்கள். 2014இல் ஆண்களின் மிஸ்டர் ஒலிம்பியா முதல் பரிசு 2,75,000 டாலர். ஃபிட்னெஸ் பெண்களுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். 2003இல் ஃபிகர், 2010இல் பிகினி என்று ஆட்டம் தேவைப்படாத பிரிவுகள் ஒலிம்பியாவில் வந்தன. பல பெண்கள் அந்தப் பக்கம் போனார்கள். பெண்களின் பாடிபில்டிங் போட்டியையே 2014க்குப் பிறகு நிறுத்திவிட்டு, 2020இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்படி ஆட்டம் கண்ட மேடையில், கஷ்டமான பிரிவிலேயே நின்று ஜெயித்தார் என்பதுதான் அவருடைய பெருமை.

தம்பி தங்கைகளே, நீங்கள் இன்று கற்கிற வித்தை நாளைக்கு அதே உருவத்தில் சோறு போடாமல் போகலாம். அதனால் கற்றது வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உடம்பு படித்த பாடம் உடம்பிலேயே இருக்கும். அதற்கு இன்னொரு மேடை தேடுவது நம் கையில். தொந்தி வைத்த நண்பர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்!